ஜன்னல் சட்டகமும் ஒப்பாரிக் கோச்சியும்: ரயில் ‘காட்சி’யின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தின் வழியாகப் போகிற தண்டவாளம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையைச் சேர்ந்தது. ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட பாதை இது. 1853 ஏப்ரலில் ஓடிய பம்பாய்–தாணே வண்டிக்கு மூன்று வயது இளையது. 1899இல் குன்னூர் ஏறிய நீலகிரி மலை ரயிலுக்கு நாற்பத்து மூன்று வயது மூத்தது. பழமைதான் பாரம்பரியம் என்றால், தினமும் காலையில் நாங்கள் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போவதுதான் தெற்கின் முதல் பாரம்பரிய ரயில். ஆனால் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புட்லூரில் ஏறுகிறவனுக்கு இடம் கிடைக்கும், வேப்பம்பட்டில் ஏறுகிறவனுக்குக் கிடைக்காது என்பதுதான் இந்தப் பாதை பற்றி இங்கே புழங்குகிற வரலாற்று அறிவு.

‘பாரம்பரிய ரயில்’, ‘இயற்கை எழில் கொஞ்சும் ரயில் பயணம்’ என்கிற சொல்லாடல் கடந்த முப்பது ஆண்டுகளில் நம்மிடையே பெருகியிருக்கிறது. விளம்பரப் படங்களில் தேயிலைச் சரிவு, வளைந்து போகும் பெட்டிகள், கொஞ்சம் புகை, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கை. சரிவில் ஆள் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் முகம் தெரியாத தூரத்தில், முதுகில் கூடையோடு, பச்சைக்கு நடுவில் ஒரு வண்ணப் பொட்டாக இருப்பார்கள். எப்படி இது சாத்தியமானது? வேலை நடக்கிற ஒரு இடம் எந்தக் கட்டத்தில், யாருடைய கண்ணுக்கு, ‘காட்சி’யாக மாறுகிறது? செவ்வாப்பேட்டை வழியாக ஓடுகிற பாதை ஏன் அப்படி மாறவில்லை? இந்தக் கேள்விகளுக்குச் சுற்றுலாத் துறையிடம் பதில் இருக்காது. ரயில்வே வரலாற்றுப் புத்தகங்களிலும் நேராகக் கிடைக்காது. அங்கே இங்கே சிதறிக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

*

1856க்கும் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். இந்தியாவில் முதல் இருப்புப் பாதை ஓடிய இடம் பம்பாயும் இல்லை, ராயபுரமும் இல்லை. எங்கள் மாவட்டத்துச் செங்குன்றம். 1837 வாக்கில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ஒரு பாதை போடப்பட்டது. முன்னின்றவர் ஆர்தர் காட்டன். கோதாவரி அணைக்காக நாம் படித்த அதே காட்டன்தான். ஏற்றிப்போனது ஆட்களை அல்ல, செம்புறைக் கல்லை. சென்னைப் பட்டணத்துக்குச் சாலை போட அந்தக் கல் வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் ஓடி நின்றுபோன அந்தப் பாதைக்கு இன்று ஒரு அடையாளக் கல்கூட இல்லை. கல் ஏற்றிய பாதைக்குக் கல் நடவில்லை, என்னத்தைச் சொல்ல.

செங்குன்றத்தின் பிற்கால வரலாறு அரிசி ஆலைகளின் வரலாறு. அந்த ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பம் குடும்பமாக நெல் வேகவைத்துக் காயவைத்த இருளர்களைக் கொத்தடிமைகளாகக் கண்டு மீட்டதெல்லாம் 1976இல் ஒழிப்புச் சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நடந்தது. ரயிலுக்கும் இதற்கும் நேரடியாக என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்தத் தொண்டை மண்டலத்துச் சமவெளி பட்டணத்தின் கண்ணுக்கு முதலில் கல்லாகவும், பிறகு நெல்லாகவும், செங்கல்லாகவும், கடைசியில் தொழிற்பேட்டையாகவும்தான் தெரிந்திருக்கிறது. காட்சியாக ஒருபோதும் தெரிந்ததில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்.

ஆனால் 1856 திறப்பு விழா ஒரு ‘காட்சிப் பயணமா’கத்தான் இருந்தது என்பது சுவாரசியமான முரண். அன்றைக்கு இரண்டு வண்டிகள் விட்டார்கள். ஒன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபுவையும் சுமார் முந்நூறு ஐரோப்பியரையும் ஏற்றிக்கொண்டு ஆற்காட்டுப் பக்கம் போனது. இன்னொன்று திருவள்ளூர் வரை வந்தது. பெட்டிகளைச் செய்தது சென்னை சிம்சன் கம்பெனி. ஆக, செவ்வாப்பேட்டை வயல்வெளியைக் கடந்த முதல் வண்டிகளில் வேலைக்குப் போகிறவர் யாரும் இல்லை. விருந்துக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள். வயலில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட அந்தக் கணத்தில், பார்த்ததை எழுதிவைக்கிற வசதி ஒரு தரப்புக்கு மட்டுமே இருந்தது.

அந்த ஜன்னல் யார் செலவில் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதராஸ் ரயில்வே லண்டன் முதலீட்டாளர்களின் கம்பெனி. நிலம் அரசாங்கம் இலவசமாகத் தந்தது. முதலுக்கு ஏறத்தாழ ஐந்து சத வட்டிக்கு அரசாங்கமே உத்தரவாதம். வண்டி நஷ்டத்தில் ஓடினாலும் பங்குதாரருக்கு வட்டி வரும், அதை நிலவரி கட்டுகிற குடியானவன் தருவான். நௌரோஜியும் ரொமேஷ் சந்தர் தத்தும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. அவர்கள் அதிகம் தொடாத இன்னொன்று காடு. சென்னை மாகாணத்தில் வனத்துறை என்ற ஒன்று உருவானதும் அதே 1856இல்தான். ஹியூ கிளெக்கார்ன் என்ற மருத்துவர் முதல் வனக் காப்பாளர். தண்டவாளத்துக்குக் குறுக்குக் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். நிலக்கரி தூரத்திலிருந்து வரவேண்டியிருந்த மதராஸ் ரயில்வே தொடக்கக் காலத்தில் பெருமளவு விறகில்தான் ஓடியது. வட ஆற்காடு, சேலம் காடுகளை ரயில் எப்படித் தின்கிறது என்று கிளெக்கார்னே கவலைப்பட்டு எழுதினார். கவலையின் விளைவு என்ன? ரயிலுக்கு மரம் குறையாமலிருக்கக் காடு ஒதுக்கப்பட்டது. காட்டில் ஆடு மேய்த்தவனும் சுள்ளி பொறுக்கியவளும் குற்றவாளிகளானார்கள். இன்றைக்கு ‘ஜன்னலில் தெரியும் அடர்ந்த வனம்’ என்று விளம்பரத்தில் வருகிற வனம் ஆள் வெளியேற்றப்பட்ட வனம். ஜன்னலும் வனமும் ஒரே ஆண்டில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

*

வொல்ஃப்காங் ஷிவெல்புஷ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1977இல் ரயில் பயணத்தின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதத்தின் ஒரு பகுதி நமக்கு உதவும். குதிரை வண்டியில் போகிறவன் தான் கடக்கிற நிலத்தின் ஒரு பகுதியாக இருந்தான். புழுதி, வாசனை, வழியில் எதிர்ப்படுகிறவர் எல்லாம் அவனுக்கு உண்டு. ரயிலின் வேகத்தில் பக்கத்தில் இருப்பவை மங்கிப்போகின்றன. தொலைவில் இருப்பவை மட்டும் நிதானமாக நகர்கின்றன. முன்புலம் அழிந்து, தொலைவு மட்டும் ஓவியச் சுருள்போல் விரிகிறது. இதை ‘விரிகாட்சிப் பார்வை’ என்று வைத்துக்கொள்ளலாம். இதை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது ஒரு வரி கூட்டிக்கொள்ள வேண்டும்: ரயிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? தண்டவாளத்தை நிமிர்த்துகிற கேங்மேன், கேட் கீப்பர், வரப்பில் நிற்கிற விவசாயக் கூலி, ரயில்வே புறம்போக்கில் குடிசை போட்டவர்கள். மங்கிப்போகிற முன்புலம் அவர்கள்தான். வேகம் ஒரு சமூகத் தேர்வைச் செய்கிறது.

தமிழ் படித்தவன் இந்த இடத்தில் திணைக் கோட்பாட்டைக் கொண்டுவராமல் போகமாட்டான், நானும் விதிவிலக்கல்ல. தொல்காப்பியத்து நிலம் ஆளில்லாத நிலம் அல்ல. அந்த நிலத்து உணவு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு அங்கே நடக்கிற தொழிலும் கருப்பொருள். தினைப்புனம் என்றால் காவல் இருக்கிறவள் உண்டு. நெய்தல் என்றால் உப்பு விளைவிக்கிறவர் உண்டு. ஆகவே வெறும் இயற்கைக்காட்சி என்பது நம் மரபில் இல்லாதது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று முடித்துவிட ஆசையாக இருக்கிறது. பலர் அப்படி முடித்தும்விடுகிறார்கள். ஆனால் அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு உரியவராக வைக்கவில்லை. அவர்களுக்கு அதற்குப் புறத்தேதான் இடம். அவர்கள் வேலை நிலத்தின் அடையாளமாகலாம், அவர்கள் காதல் நிலத்தின் ஒழுக்கமாகாது. இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள்தான் பின்னால் முதல் வகுப்பு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்கள். சட்டகம் லண்டனிலிருந்து வந்தது. அதில் யார் தெரியலாம், யார் தெரியக்கூடாது என்பதற்கு உள்ளூர்க் கையேடு ஏற்கெனவே தயாராக இருந்தது.

1853 ஆகஸ்டில் நியூயார்க் பத்திரிகையில் இந்தியா பற்றி எழுதிய மார்க்ஸ், ரயிலிலிருந்து பிறக்கும் நவீனத் தொழில் சாதி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். கரைத்ததா? பெட்டிக்குள் ஓரளவு இடித்துக்கொண்டு உட்கார வைத்தது உண்மை. மூன்றாம் வகுப்பில் யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்ல முடியாது. ஆனால் நிலையத்தில் இறங்கிச் சாப்பிடப் போனால் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகு 1941இல்தான் தென்னிந்திய ரயில்வேயில் அது ஒழிந்தது. பழைய நிலையக் கட்டடங்களை வெள்ளையடித்து, பழைய மணி, பழைய விளக்கு எல்லாம் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையை எங்கும் வைத்ததாக நான் பார்த்ததில்லை. அதுவும் பாரம்பரியம்தானே?

*

இனி நீலகிரிக்குப் போகலாம். அங்கேதான் ‘காட்சி’ முழு உருவம் பெறுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளப் பல்லைப் பிடித்து ஏறும். ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. எதற்காக? சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. கோப்பு, குமாஸ்தா, சமையல்காரன், பியானோ எல்லாம் மலையேற வேண்டும். வெலிங்டனில் படை, 1904 முதல் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, சரிவெல்லாம் தேயிலை. ஆக இந்த வண்டியும் வேலைக்காகப் பிறந்ததுதான். அருவங்காட்டுத் தொழிலாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கிய வண்டிதான்.

டார்ஜிலிங் 1999இல், நீலகிரி 2005இல், கால்கா–சிம்லா 2008இல் என்று மூன்று மலை ரயில்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. சான்றிதழின் மொழி பொறியியல் மொழி. கூடவே, பலபண்பாட்டுப் பகுதியொன்றின் சமூகப் பொருளாதார வளர்ச்சியில் புதுமையான போக்குவரத்து ஏற்படுத்திய தாக்கம் என்றும் வருகிறது. தாக்கம்! தோடர் மேய்ச்சல் நிலம் போனதும், குறும்பரும் இருளரும் காட்டை இழந்து தோட்டக் கூலியானதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பெட்டிகளை இழுக்கிற நீராவி எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. அண்மைக் காலத்தில் புதியவற்றைத் திருச்சி பொன்மலைப் பட்டறையில் செய்தார்கள். எந்தப் பொன்மலை? 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் பொன்மலை. அந்த வேலைநிறுத்தத்துக்காகத்தான் அறுபது வயது தாண்டிய சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பரில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் செத்த பொன்மலை. எஞ்சின் பாரம்பரியமாகி மலையேறிவிட்டது, அதைச் செய்த இடத்தின் வரலாறு அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

ஒரு நேர்மைக்காக இதையும் சொல்கிறேன். யுனெஸ்கோ பட்டியலில் வராமல் இருந்திருந்தால் நஷ்டக் கணக்கைக் காட்டி அந்த வண்டியை நிறுத்தியிருப்பார்கள் என்று குன்னூர் நண்பர்கள் சொல்கிறார்கள், அது சரியாகவும் இருக்கலாம். எனக்கும் அந்த வண்டி பிடிக்கும். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எடுத்த கேத்தி நிலையத்தில் இறங்கி நின்று தொண்டை அடைத்தவன்தான் நான். பிரச்சினை வண்டியில் இல்லை. பாரம்பரியம் என்ற பெயர் வந்ததும் அது யாருடைய வண்டி என்பது மாறிவிடுகிறது. 2018இல் கட்டணம் பல மடங்கு ஏறியது. அன்றாடம் ஏறியவர் பேருந்துக்குப் போக, ஒருமுறை ஏறுகிறவர் ஜன்னலுக்கு வந்தார்.

எங்கள் பாதையோரம் வில்லிவாக்கத்தை ஒட்டியிருக்கிறது இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, 1955 முதல். நாங்கள் நசுங்குகிற மின்சார ரயில் பெட்டியும் அங்கேதான் பிறந்தது. கண்ணாடிக் கூரையும் சுழல் நாற்காலியும் வைத்த விஸ்டாடோம் பெட்டியும் அங்கேதான் பிறந்தது. 2017இல் முதல் விஸ்டாடோம் பெட்டி விசாகப்பட்டினம்–அரக்கு பாதைக்குப் போனது. அந்தப் பாதையோ பைலடிலா இரும்புத் தாதுவை ஆதிவாசிகள் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்கி ஜப்பானுக்கு அனுப்ப 1960களில் போட்டது. தாது வண்டி இறங்குகிற அதே தண்டவாளத்தில் கண்ணாடிக் கூரை ஏறுகிறது. செங்குன்றத்துக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

*

நீலகிரித் தேயிலைச் சரிவில் தெரிகிற அந்த வண்ணப் பொட்டுக்குத் திரும்புவோம். அவர்களில் கணிசமானவர் யார்? இதைக் கேட்டால் வரலாறு கடல் தாண்டிப் போகிறது.

உலகின் மிக அழகான ரயில் பயணங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் தவறாமல் சேர்ப்பது கண்டியிலிருந்து எல்ல வரை போகிற இலங்கை மலையகப் பாதையை. வாசலில் தொங்கியபடி எடுத்த படங்கள், 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம், மூடுபனி. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும் அந்தப் பாதை ஏறியது. ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் அது ஒரு சரக்கின் வரலாறு. முதலில் கோப்பி, 1869இல் இலைத் துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியதும் தேயிலை. அந்தச் சரக்கைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் மலையைக் குடைந்தார்கள்.

சரக்கை உண்டாக்கியவர் தஞ்சை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி வழியாகப் போனவர்கள். பெரும்பாலும் தலித்துகள், அவர்களோடு பிற ஒடுக்கப்பட்ட சாதியினர். 1876–78 தாது வருடப் பஞ்சம் இந்த ஓட்டத்தை ஊதிவிட்டது. ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும் என்றார்கள். தானியம் விலை கிடைக்கிற இடத்துக்கு ரயிலேறிப் போனது, பசித்தவர்கள் கப்பலேறிப் போனார்கள். தொடக்கத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் படகு சேவை இணைந்ததும், மண்டபத்தில் நோய்ச் சோதனை, பாலம், படகு, மறுபடி ரயில் என்று கூலியும் முழுக்க இயந்திரமயமாக்கப்பட்டது. இன்றைய ‘காட்சி’ப் பாதை அன்று ஆள் ஏற்றும் குழாய்.

பிறகு குழாய் எதிர்த்திசையில் திறந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கு பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அட்டனிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறியவர்களையும் ஏற்றிவிட வந்தவர்களையும் ஒரே அழுகையாக ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன அந்த வண்டிக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு: ஒப்பாரிக் கோச்சி. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். கோச்சி என்றால் அங்கே ரயில்.

தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கினால் மண்டபம் முகாமுக்குப் போக வேண்டும். 1988 வரை பாம்பனில் சாலைப் பாலம் கிடையாது. ஆகவே கப்பலில் வந்த ஒவ்வொருவரும் ரயிலில்தான் அந்தப் பாலத்தைக் கடந்திருக்க வேண்டும். இன்று புதிய பாலம் (2025 ஏப்ரலில் திறந்தது) வரை எத்தனை படங்கள், எத்தனை வர்ணனைகள்! இருபக்கமும் நீலக்கடல், கைக்கெட்டும் தூரத்தில் அலை. முற்றிலும் உண்மை. அதே ஜன்னல் வழியாக அதே கடலைப் பார்த்தவர்களில் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தான் பிறந்திராத ‘தாய்நாட்டுக்கு’ முதன்முதலாக வருகிற ஒரு பெண்ணும் இருந்தாள். அவள் பார்த்ததைக் காட்சி என்று சொல்வோமா? அந்தப் பார்வைக்குத் தமிழில் பெயர் இருக்கிறதா? ஒப்பாரி என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாரம்பரியக்காரர்கள் பாம்பன் பற்றி எழுதுகிற பக்கங்களில் அந்தச் சொல் வராது.

வந்தவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அரசாங்கம் 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னால் டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர். இங்கேயும் சரிவு, கூடை, மூடுபனி. ஒரு காட்சிச் சட்டகத்திலிருந்து எடுத்து இன்னொரு காட்சிச் சட்டகத்தில் வைத்த மாதிரி. உலகத்தின் இரண்டு புகழ்பெற்ற ரயில் ஜன்னல்களில் தெரிகிற அந்தத் தூரத்துப் பொட்டு, ஒரே குடும்பத்தின் அக்காவும் தங்கையுமாக இருக்கக்கூடும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. 2022இல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவது என்று முடிவானபோது, அந்தத் தொழிலாளிகள் தங்கள் வீடு என்னவாகும் என்று தெருவுக்கு வந்தார்கள். வனம் மறுபடி ஆளில்லாத வனமாக வேண்டும் போலிருக்கிறது. கிளெக்கார்ன் இன்னும் ஓய்வுபெறவில்லை.

*

எல்லோரும் மலைக்குப் போகவில்லை. 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாப் பக்கம் குடியேறிய மலையகத் தமிழர் பலர், போர் துரத்த ராமேஸ்வரம் வந்து அகதிகள் ஆனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இருப்பது எங்கள் மாவட்டத்தில்: கும்மிடிப்பூண்டி முகாமில், புழல் முகாமில். கும்மிடிப்பூண்டிக்கும் மின்சார ரயில்தான், 1979 முதல். எண்ணூர் சாம்பல், அத்திப்பட்டு, பொன்னேரி வயல், சிப்காட் புகைக்கூண்டுகள். அந்த ஜன்னலுக்கு யாரும் கண்ணாடிக் கூரை போடப் போவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உருக்காலையில் வேலை செய்கிற பையன்கள் வாசலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருவார்கள். எல்லப் பாதையில் வாசலில் தொங்கினால் அது அனுபவம். இங்கே தொங்கினால் அபராதம்.

1964 ஒப்பந்தப்படி யார் இந்தியாவுக்கு வரவேண்டியவரோ அவரே 1990இல் அகதியாக வந்துசேர்ந்தால் அவர் யார்? ஒப்பந்தக் காகிதத்தின்படி இந்தியர், முகாம் அட்டையின்படி அந்நியர். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையகப் பூர்வீகம் கொண்ட முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், அதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இந்தக் கட்டுரைக்காக அலைந்துகொண்டிருந்தபோது என் கைபேசியில் இருந்த ஒன்பது வளைவுப் பாலத்துப் படத்தைக் காட்டினேன். கேமரா மேலிருந்து பார்க்கிறது. பாலத்தில் நீலப் பெட்டிகள், சுற்றிலும் தேயிலை. பாலத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாலத்தைப் பார்க்கவே இல்லை. படத்தை விரலால் ஒரு ஓரமாகத் தள்ளி, சரிவைப் பெரிதாக்கச் சொன்னார்.

“கவாத்து வெட்டி ரொம்ப நாளாச்சு போல தம்பி. கொழுந்து முத்திக் கெடக்கு பாருங்க. எந்த நம்பர் மலை இது?”

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன்.

“ஒரு ஆளையும் காணோம். கொழுந்து எடுக்கிற நாளில்லையா, இல்ல மழையா?” மறுபடி உற்றுப் பார்த்தார். “இப்படித் தள்ளிப் போனா பிரட்டுக்களம் இருக்கணும். அதுக்குக் கீழ லயம். அது படத்துல வராது. அங்கேருந்து பார்த்தா கோச்சி போறது தெரியும். நாங்க மலையில நின்னுக்கிட்டுப் பார்ப்போம். ஏறினது ஒரே தடவதான்.”

அது எந்தத் தடவை என்று நான் கேட்கவில்லை. பேச்சு பேரன் படிப்புக்குப் போனது, கல்லூரியில் கேட்ட காகிதத்துக்குப் போனது. மதியம் தாண்டியதும் எழுந்துவிட்டார். மறுநாள் முகாமில் செக்கிங். ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பணக்கொடையிலிருந்து பெயர் எடுத்துவிடுவார்கள். கூட்டம் ஏறுவதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.